குன்னூரில் ஒரு விளையாட்டு மருத்துவச் சங்கத்தைப் பதிவு செய்த கதை

சங்கம் ஆரம்பிக்கும் ஆசை எங்களில் யாருக்கும் இருந்ததில்லை. ஒரு கால்பந்துப் போட்டியில் நான் வாங்கிய பேச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நான் குன்னூரில் பிசியோதெரபிஸ்ட். இந்த மலையில் கால்பந்து இல்லாத ஊர் குறைவு. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்றால் ஐஸ் பெட்டி, டேப், கிரேப் பேண்டேஜ் சகிதம் கோட்டுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சம்பளம் டீயும் போண்டாவும். அன்றைக்கு அரையிறுதி. கார்னர் பந்துக்கு எம்பிய இரண்டு தலைகள் மோதிக்கொண்டன. ஒரு பையன் விழுந்தான், எழுந்தான், என்னிடம் ஸ்கோர் என்ன என்று கேட்டான். சொன்னேன். ஒரு நிமிஷம் கழித்து அதையே மறுபடியும் கேட்டான். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அன்று திரும்ப ஆட விடக் கூடாது. நான் வேண்டாம் என்றேன். கோச், "ஆளு நல்லாத்தானே நிக்கறான்" என்றார். போட்டி நடத்தியவர் அதற்கு மேலே போய், "நீங்க டாக்டர்கூட இல்லையே மேடம்" என்றார். பையன் ஆடினான், அணியும் ஜெயித்தது. பத்து நாள் தலைவலியோடு அவன் தப்பித்தது அவன் அதிர்ஷ்டம்.

இரவு அந்தக் கோபத்தோடு எங்கள் எலும்பு டாக்டருக்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, உன்னை அங்க உட்கார வெச்சது யாரு? ஆளை வெளிய கூப்பிடற அதிகாரத்தை யாராவது எழுதிக் குடுத்தாங்களா?" என்றார். யாரும் எழுதித் தரவில்லை.

மறுநாள் அவர் ஒரு பிரிண்ட் அவுட் கொண்டு வந்தார். பன்னாட்டு விளையாட்டு மருத்துவக் கூட்டமைப்பின், அதாவது ஃபிம்ஸின் நெறிமுறை. அடிபட்ட வீரர் தொடர்ந்து ஆடலாமா என்பதை முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு, போட்டியின் முடிவோ கோச்சோ அந்த முடிவை அசைக்கக் கூடாது, வீரரின் உடல்நலத்துக்கு என்ன ஆபத்து என்பது மட்டும்தான் கணக்கு என்று அதில் இருந்தது. நான் அன்று மைதானத்தில் சொல்லத் தெரியாமல் திணறியதை யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஃபிம்ஸ் பிறந்த கதை எனக்குப் பிடித்துவிட்டது. 1928 பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது அங்கே வந்திருந்த டாக்டர்கள் கூடி ஆரம்பித்தது. முதல் தலைவர் வில்ஹெல்ம் நோல். அதே வருஷம் ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கின்போது முதல் மாநாடு நடந்தது. அங்கே போட்டியாளர்களையே பரிசோதித்து ஆய்வும் செய்தார்கள். செயின்ட் மோரிட்ஸின் உயரம் சுமார் 1,800 மீட்டர். குன்னூர் 1,850. ஏறக்குறைய நம் உயரத்தில் பிறந்த அமைப்பு என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். (ஊட்டிக்காரர்கள் விடுவார்களா? 1968 ஒலிம்பிக் நடந்த மெக்ஸிகோ சிட்டியும் ஊட்டியும் ஒரே உயரம், 2,240 மீட்டர் என்று அங்கிருந்து வந்த பிசியோ கணக்கு நேர் செய்தார்.)

ஆக, ஆட்களைச் சேர்த்தோம். எலும்பு டாக்டர், கோத்தகிரியில் கிளினிக் வைத்திருக்கும் பொது மருத்துவர், இரண்டு பிசியோக்கள், இரண்டு பி.டி. மாஸ்டர்கள், ராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்று வெலிங்டன் பக்கம் குடியிருக்கும் ஒரு ஹவில்தார். மொத்தம் ஏழு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையும் ஏழுதான். யாராவது ஒருத்தர் சளி பிடித்து வராமல் போனால் சங்கமே இல்லை என்ற நிலைமை.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே தகுதியில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

முதல் தடை பெயரில். 'நீலகிரி விளையாட்டு மருத்துவக் கூட்டமைப்பு' என்று கம்பீரமாக எழுதிக்கொண்டு ஆடிட்டரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கூட்டமைப்புன்னா பல சங்கம் சேர்ந்தது. உங்ககிட்ட எத்தனை சங்கம் இருக்கு?" என்றார். ஒன்றுகூட இல்லை. ஃபிம்ஸ் கூட்டமைப்பு என்றால் அதில் அர்த்தம் இருக்கிறது. அதன் அடிப்படை உறுப்பினர்கள் தேசியச் சங்கங்கள், ஒரு நாட்டுக்கு ஒன்றுதான் இடம். இந்தியாவுக்கான இடத்தில் இந்திய விளையாட்டு மருத்துவச் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கங்கள் அனுப்பும் பிரதிநிதிகளின் சபைதான் மேலே; அது தேர்ந்தெடுக்கும் தலைவரும் செயற்குழுவும் அன்றாட வேலையைப் பார்க்கிறார்கள். நாங்களோ ஏழு பேர். பேசாமல் 'சங்கம்' என்று திருத்திக்கொண்டோம்.

பைலா, அதாவது சங்கத்தின் உள்விதிகளை எழுத மூன்று ஞாயிறு ஆயிற்று. கிளினிக் மாடியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்வோம். ஐப்பசி மழை விடாமல் பெய்யும். முதல் ஞாயிறு முழுக்க ஒரே ஒரு விதிக்குப் போனது: மைதானத்தில் கடைசி வார்த்தை யாருடையது? டாக்டர்கள் 'மருத்துவர்' என்றே எழுதச் சொன்னார்கள். அப்படியானால் பெரும்பாலான ஞாயிறுகளில் மைதானத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன அதிகாரம்? மறுபடி "நீங்க டாக்டர்கூட இல்லையே" என்று கேட்க மாட்டார்களா? குரல் கொஞ்சம் உயர்ந்தது. கடைசியில் ஹவில்தார் அண்ணாதான் வழி சொன்னார்: "டியூட்டில யாரு இருக்காங்களோ அவங்க ஆர்டர்தான் ஆர்டர். ரேங்க் அப்புறம்." அப்படியே எழுதினோம். அன்றைய மருத்துவப் பொறுப்பாளர் என்று சங்கம் எழுத்தில் நியமித்தவர் சொன்னால் வீரர் வெளியே வர வேண்டும். அவர் பிசியோவாக இருந்தால், திரும்ப ஆட அனுமதிப்பது மட்டும் மருத்துவர் கையில். வெளியே கூப்பிட பொறுப்பாளர் யாராக இருந்தாலும் போதும், உள்ளே அனுப்ப டாக்டர் வேண்டும். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இரண்டாம் ஞாயிறு சொந்தக்காரர் பிரச்சினை. எங்கள் பொருளாளர் கோத்தகிரி பி.டி. மாஸ்டர். அவர் தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். நாளைக்கு சங்கம் ஆம்புலன்ஸ் வாடகைக்கு எடுத்தால்? மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "என்னைச் சந்தேகப்படறீங்களா?" டாக்டர்தான் சமாளித்தார். ஃபிம்ஸும் ஒலிம்பிக் கமிட்டியும் இருக்கிற சுவிட்சர்லாந்தின் சிவில் சட்டத்தில், 68ஆம் பிரிவில், இது சட்டமாகவே இருக்கிறதாம்: சங்கத்துக்கும் ஓர் உறுப்பினருக்கும், அல்லது அவருடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என நேர் வழி உறவுக்கும் இடையே ஒரு வரவு செலவோ வழக்கோ வந்தால், அந்த உறுப்பினருக்கு அதில் ஓட்டு கிடையாது. "அங்க எல்லாருக்கும் இதுதான் மாஸ்டர், உங்களுக்காக எழுதினது இல்ல." அந்தச் சட்டத்தில் தம்பி வர மாட்டார் என்பதைக் கவனித்தவர் மாஸ்டரேதான். "நம்ம ஊர்ல தம்பியைச் சேர்க்காம இருந்தா சிரிப்பாங்க, சேர்த்துக்குங்க" என்றார். உடன்பிறந்தாரையும் சேர்த்தோம். கூடவே ஓட்டு நடக்கும்போது அறையிலேயே இருக்கக் கூடாது என்றும் ஒரு வரி.

அதே சுவிஸ் சட்டத்தில் இன்னொன்றைப் படித்தபோது வயிறெரிந்தது. அங்கே பொதுநலச் சங்கம் ஒன்று சட்டப்படி உயிர் பெற, சங்கமாக இயங்குகிற எண்ணம் தெரியும்படி விதிகளை எழுதி வைத்தாலே போதும், 60ஆம் பிரிவு. பொதுவாகப் பதிவுகூடத் தேவையில்லை. நாம்தான் ஸ்கேன், அட்டெஸ்டேஷன், டோக்கன் என்று அலைகிறோம். ஆனால் அலைந்து முடித்தபின் எனக்குக் கொஞ்சம் மனம் மாறிவிட்டது. அதற்குக் காரணம் மூன்றாம் ஞாயிறு.

அன்றுதான் எட்டாவது ஆள் வந்தார். டீ பேக்டரி வைத்திருந்தவர், விளையாட்டுப் பிரியர், நல்ல மனிதர். முதல் வருஷச் செலவு முழுக்கத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தலைவர் பதவி தனக்கு, அதுவும் ஐந்து வருஷத்துக்கு. கையில் ஐயாயிரம் ரூபாய்கூட இல்லாத சங்கம் இதற்கு என்ன பதில் சொல்லும்? தலையாட்டினோம். 'செயற்குழுவின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள்' என்று என் அழகான கையெழுத்தில் நானே எழுதினேன்.

விண்ணப்பத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் ஏற்றினோம். சங்க நோக்கங்கள் அடங்கிய மெமோரண்டம், பைலா, உறுப்பினர் பட்டியல், செயற்குழுப் பட்டியல், எல்லாருடைய அடையாள அட்டை, அலுவலக முகவரிக்குச் சான்று. சும்மா சொல்லக் கூடாது, ஆவணங்களைச் சேர்ப்பதைவிட ஏழெட்டு பேரிடம் ஒரே மாதிரி கையெழுத்து வாங்குவதுதான் பெரிய வேலை. கோத்தகிரி டாக்டர் மெமோரண்டத்தில் ஆங்கிலத்திலும் பட்டியலில் தமிழிலும் போட்டுவிட்டார். மூடுபனியில் ஒரு கையெழுத்துக்காக இரண்டு முறை கோத்தகிரி போய் வந்தேன்.

முதல் முறை திரும்பி வந்தது முகவரியால். கிளினிக் மாடி என்று எழுதியிருந்தோம். கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வரி ரசீதும் வைக்கவில்லை. தப்பு எங்களுடையதுதான். உரிமையாளர் கோயம்புத்தூரில் இருந்தார். கடிதம் வர மூன்று வாரம்.

இரண்டாம் முறை திரும்பியது பதவிக்காலத்தால். செயற்குழு உறுப்பினரின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். மறுபடி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்தல் வைத்தே ஆக வேண்டும். குறிப்பைப் படித்ததும் எனக்கு வந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. டீ பேக்டரி ஐயாவிடம் எங்களால் சொல்ல முடியாததை ஒரு சட்டப்பிரிவு சொல்லிவிட்டது. அவரும் பெரிய மனுஷர்தான். "சட்டம்னா சட்டம். மூணு வருஷம் கழிச்சு ஓட்டுப் போட்டு அனுப்புங்க, பார்ப்போம்" என்று சிரித்தார். செக்கைத் திருப்பிக் கேட்கவில்லை.

சான்றிதழ் வந்தபோது மாசி பிறந்திருந்தது. லேமினேட் செய்யாதீர்கள், பேங்கில் ஒரிஜினலைத் தடவிப் பார்க்கிறார்கள். சங்கத்தின் பெயரில் பான் கார்டு, அப்புறம் கணக்கு தொடங்கத் தீர்மானம், இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதி. இதெல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்தது.

அதற்குப் பிறகுதான் நிர்வாகம் என்றால் என்ன என்று தெரிந்தது. வருஷத்துக்கு ஒரு பொதுக்குழு, அதற்கு 21 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாம் பதிவாளரிடம் போக வேண்டும். செயற்குழுவில் ஒரு ஆள் மாறினாலும் மூன்று மாதத்துக்குள் ஏழாம் எண் படிவம். மற்ற சங்கங்களில் கோர்ட் வரை போன தகராறுகளைக் கேட்டுப் பாருங்கள், பாதிக் கதைகளில் இந்த ஏழாம் எண் படிவம் வரும். யார் நிஜச் செயற்குழு என்று இரண்டு கோஷ்டி இரண்டு படிவம் கொடுத்திருப்பார்கள். கூட்ட முடிவுகளை எழுதி வைக்கும் எங்கள் மினிட் புக்கை நான் வீட்டு பீரோவில் நகையோடு வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார், செய்யட்டும்.

மைதானத்தில் என்ன மாறியது? இப்போது டோர்னமென்ட் நடத்துபவர்களுக்கு நாங்கள் வருவதற்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் போகிறது. அன்றைய மருத்துவப் பொறுப்பாளர் பெயர், அவர் வெளியே அழைத்தால் ஆள் வெளியே வர வேண்டும் என்ற வரி, கீழே நடத்துபவரின் கையெழுத்து. போடாவிட்டால் போக மாட்டோம். இரண்டு ஊர்களில் போட மறுத்தார்கள், போகவில்லை. என்னைப் பேசிய அதே மனிதர் சித்திரையில் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அன்று தலையில் யாருக்கும் அடிபடவில்லை. ஒரு கணுக்கால் சுளுக்கு, அவ்வளவுதான்.

ஆனியில் செயற்குழு கூடியது. பருவமழைக் கோப்பைக்கு ஆம்புலன்ஸ் எடுக்க வேண்டும், மூன்று விலைப்புள்ளிகள் வந்திருந்தன. அதில் ஒன்று மாஸ்டரின் தம்பியுடையது. நான் அந்தத் தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே மாஸ்டர் எழுந்து மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனார். வராந்தாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் கால் மணி நேரம் பேசினோம். ஆக்ஸிஜன் இருக்கிறதா, மஞ்சூர் ரோட்டில் வண்டி ஏறுமா என்றெல்லாம். தம்பியின் விலைதான் குறைவு, வண்டியும் புதிது. ஒருமனதாக அவருக்கே கொடுத்தோம். மினிட் புக்கில் 'பொருளாளர் அறையில் இல்லை' என்று எழுதிவிட்டு நான்தான் போய்க் கதவைத் திறந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் மாஸ்டர், கைகளைத் தேய்த்துக்கொண்டே. "அவனுக்குக் கிடைக்கலைன்னாலும் பரவால்ல. அடுத்த மீட்டிங்குல வராந்தாவுக்கு ஒரு ஷீட் போடணும்னு தீர்மானம் கொண்டு வரேன்."