மூங்கில் ஏணியில் ஒரு மஞ்சள் வண்டு

ஜூன் முதல் வாரம், வெள்ளையடிப்பதற்காக மாடிப்படிக்கு அடியில் கிடந்த மூங்கில் ஏணியை வெளியே இழுத்தேன். ஏணிக்காலில் மஞ்சளும் கறுப்புமாக ஏதோ ஒன்று விடுவிடுவென்று ஓடியது. "குளவி! கையை வைக்காதே" என்றார் அத்தை. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஓடுவதும் சட்டென்று நிற்பதுமாக, அதன் நடையே குளவி நடை. ஆனால் குளவிக்கு உள்ள ஒடுங்கிய இடுப்பு இல்லை. முதுகின் நடுவில் நேராக ஒரு கோடு தெரிந்தது. முன்னிறகுகள் இரண்டும் ஓடாக இறுகிச் சேரும் இடம் அது. வண்டுதான். ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்துவிட்டேன்.

வீட்டுக்குள் வரும் வண்டுகளைப் படமெடுத்துப் பெயர் தேடுவது எனக்கு ஒன்றரை ஆண்டுப் பழக்கம். நோட்டில் இது 41ஆவது. பாட்டிலோடு பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வண்டு மந்தமாகிவிடும். கிராஃப் தாளில் விட்டு அளந்தேன், 13 மி.மீ. பிறகு கைப்பேசியில் செருகும் உருப்பெருக்கி லென்ஸை மாட்டி மேலிருந்து, பக்கத்திலிருந்து, முகத்துக்கு நேராக என்று முப்பது படம் எடுத்தேன். முகத்துக்கு நேரான படம் எதற்கு என்று அப்போது நினைத்தேன். கடைசியில் கைகொடுத்தது அதுதான்.

முதல் இரண்டு மாலைகள் வீண். உணர்கொம்பு உடம்பில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். நீள்கொம்பு வண்டு என்றால் கொம்பு உடம்பைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று மனத்தில் ஒரு கணக்கு. அதனால் இலைவண்டுக் குடும்பத்தில் போய்த் துழாவிக்கொண்டிருந்தேன். பாதத்தை எண்ணிப் பார்த்ததும் குழப்பத்தைத்தான் கூட்டியது. பார்வைக்கு நான்கு கணு, மூன்றாவது கணு இரண்டு மடலாகப் பிளந்திருக்கிறது. உண்மையில் கணுக்கள் ஐந்து. நான்காவது மிகச் சிறியதாக அந்த மடல்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். இலைவண்டுக்கும் நீள்கொம்பு வண்டுக்கும் இதே பாதம்தான், உறவுக் குடும்பங்கள் ஆயிற்றே.

முடிச்சை அவிழ்த்தது கண். முகப் படத்தைப் பெரிதாக்கினால், கண் வட்டமாக இல்லாமல் அவரை விதை போல ஒரு பக்கம் குழிந்திருந்தது. கொம்பின் அடி அந்தக் குழிவை ஒட்டியே முளைத்திருந்தது. நீள்கொம்பு வண்டுகளில் இது பரவலாகக் காணும் அடையாளம். குடும்பம் செராம்பிசிடே. அதற்குள் குளவி வேடம் போடும் கூட்டம் ஒன்று உண்டு, கிளைட்டினி. அந்தக் கூட்டத்தில் பலவற்றுக்குக் கொம்பு குட்டைதான். என் கணக்கு தப்பியது அங்கேதான்.

மேற்கொண்டு பேரினம், அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதி. மலைக்காபித் தோட்டக்காரர்களைப் படுத்தும் வெள்ளைத் தண்டுத் துளைப்பானும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் பேரினமான சைலோட்ரெகஸின் நெற்றியில் மேடான வரிகள் இருக்கும். என் வண்டின் நெற்றியில் இல்லை. டெமோனாக்ஸ் என்ற இன்னொன்றுக்குக் கொம்பின் கணுமுனையில் முள் நீட்டியிருக்கும். அதுவும் இல்லை. மிஞ்சியது குளோரோஃபோரஸ். முன்மார்பின் நடுவே கிளைத்த கறுப்புக் கறை, இருபுறமும் ஒவ்வொரு புள்ளி. ஒவ்வோர் இறகோட்டிலும் தோளருகே ஒரு கறுப்பு வளையம், அதற்குப் பின்னால் வளைந்த பட்டை, நுனிக்கு அருகில் ஒரு பொட்டு. குளோரோஃபோரஸ் அனுலாரிஸ். லத்தீனில் 'அனுலஸ்' என்றால் வளையம்.

பிரிட்டிஷ் இந்தியாவின் நீள்கொம்பு வண்டுகளைப் பற்றிப் பூச்சியியலாளர் கஹன் 1906இல் எழுதிய தொகுதியில் சரிபார்க்கலாம் என்று போனால், குளோரோஃபோரஸ் என்ற தலைப்பில் இந்த வண்டு அங்கே இல்லை. அரை மணி நேரம் புரட்டிய பிறகுதான் விளங்கியது, அவர் இதைக் கலோகிளைட்டஸ் என்ற பேரினத்தில் வைத்திருக்கிறார். பழைய நூல்களில் பேரினத்தை நம்பித் தேடாதீர்கள், இரண்டாவது பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

உண்மையில் ஏணியைப் பார்த்தே பாதியை ஊகித்திருக்கலாம். இதன் புழு வெட்டிய, காய்ந்த மூங்கிலைத் தின்று வளர்வது. ஏணி வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறதே, இப்போது எப்படி வண்டு வரும் என்று ஒரு சந்தேகம் இருந்தது. காய்ந்த மூங்கிலில் சத்துக் குறைவு. ஓராண்டில் முடியும் வளர்ச்சி அங்கே இழுத்துக்கொண்டே போகும். மூங்கில் பொருள்களோடு இந்த வண்டு கடல் தாண்டிப் போய், பிறநாட்டுத் துறைமுகச் சோதனையில் பிடிபடுவதும் அதனால்தான்.

ஏணிக்காலின் உடைந்த நுனியை ஒரு சாண் அறுத்துப் பிளந்தேன். நார்ப்போக்கிலேயே நீளமாகச் சுரங்கம், உள்ளே மாவு கெட்டியாக அடைத்திருந்தது. மேல்தோலில் மட்டும் புழு வாய் வைக்கவில்லை. வெளியே தெரிந்ததெல்லாம் வண்டு வந்த 4 மி.மீ. துளை ஒன்றுதான். தட்டினால் தரையில் பொலபொலவென்று மாவு கொட்டும் ஊசித்துளைகள் வேறு ஆளின் வேலை, டைனோடெரஸ் மைனூட்டஸ் என்ற 3 மி.மீ. பொடிவண்டு. அதன் துளைகளும் இரண்டாம் படியருகே இருந்தன. எங்கள் ஏணியில் இரண்டு குடித்தனம்.

"தேய்பிறையில் வெட்டிக் குளத்தில் ஊறப்போட்ட மூங்கிலாக இருந்தால் உளுக்காது" என்றார் அத்தை. தேய்பிறையைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை. ஊறப்போடுவதில் விஷயம் இருக்கிறது. பொடிவண்டு தேடி வருவது மூங்கிலின் மாவுச்சத்தை, தண்ணீரில் ஊறும்போது அதுதான் குறைந்து போகிறது.

பழைய கொசுவலையை ஏணிமேல் சுற்றிக் கட்டி வைத்தேன். பதினோராம் நாள் இன்னொரு மஞ்சள் வண்டு, பதினான்காம் நாள் மூன்றாவது. மூன்றாவதன் தோள் வளையம் ஒரு பக்கம் சேராமல் திறந்திருக்கிறது, மற்ற அடையாளங்கள் எல்லாம் அப்படியே. வலையை இன்னும் அவிழ்க்கவில்லை. வெள்ளையடிக்க வந்தவர் ஏணியை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார், பக்கத்து வீட்டில் போய் அலுமினிய ஏணியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார்.