அராஸ் நகரில் ஒரு சுவர்

பாரிஸிலிருந்து அராஸுக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தை மகன் பிரிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து பழைய கோட்டை இருக்கும் பக்கமாக அரை மணி நேர நடை.

"கால்பந்து வீரரைப் பாக்கப் போறோம்னு சொன்னீங்க. இது கல்லறையா இருக்கே?" என்றான் வாசலிலேயே.

"அவர் பேரு இங்கேதான்டா இருக்கு. வா."

முதல் உலகப்போரில் இந்தப் பகுதியில் இறந்து, உடல் கிடைக்காமலோ அடையாளம் தெரியாமலோ போன ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களை இங்கே வெள்ளைக் கற்சுவர்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். டெல்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த அதே லட்யன்ஸ்தான் இதையும் வடிவமைத்தவர். உள்ளே நுழைந்ததும் குரல் தானாகத் தணிந்துவிடுகிறது. முதலில் படைப்பிரிவு, அப்புறம் பதவி, அதற்குள் அகர வரிசை என்று பெயர்கள் போகின்றன. மிடில்செக்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு ஏழாவது பகுதியில் இருக்கிறது. அதில் செகண்ட் லெப்டினன்ட்டுகளின் வரிசையை மகன் வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தான்.

"டல், டபிள்யூ. டி. ஜே. இதுவாப்பா?"

இதுதான். வால்டர் டேனியல் ஜான் டல். பக்கத்துப் பெயர்கள் எந்த அளவோ அதே அளவு எழுத்து. கிட்டே போய்ப் பார்த்தால் உளி இறங்கிய பள்ளத்தில் மெல்லிய நிழல் தெரிகிறது. அவர் பந்து ஆடியவர் என்பதற்கு அந்தக் கல்லில் ஒரு குறிப்பும் இல்லை. அதனால் அங்கேயே நின்று மகனுக்குக் கதை சொன்னேன்.

1888-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். அப்பா பார்படோஸ் தீவிலிருந்து வந்த கறுப்பினத் தச்சர், அம்மா கென்ட் பகுதியைச் சேர்ந்த ஆங்கிலேயப் பெண். வால்டருக்குப் பத்து வயது நிறைவதற்குள் இருவருமே இறந்துவிட்டார்கள். அவரையும் அண்ணன் எட்வர்டையும் லண்டன் பெத்னல் கிரீனில் மெத்தடிஸ்டுகள் நடத்திய அநாதை இல்லத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் ஸ்காட்லாந்துக் குடும்பம் ஒன்று எட்வர்டைத் தத்தெடுத்துக்கொண்டது. அவர் பின்னாளில் பல் மருத்துவரானார். தம்பி இல்லத்திலேயே தங்கினார், அச்சுத் தொழில் கற்றார், இல்லத்து அணியில் பந்து ஆடினார்.

அங்கிருந்து கிளாப்டன் என்ற அமெச்சூர் அணி. அந்த ஒரே சீசனில், 1909-ல், அந்த அணி அமெச்சூர் கோப்பையை வென்றது. உடனே டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் அவரை ஒப்பந்தம் செய்து, அர்ஜென்டினா, உருகுவே சுற்றுப்பயணத்துக்கும் கூட்டிக்கொண்டு போனது. அப்போதுதான் முதல் டிவிஷன் என்ற உயர்மட்ட லீகுக்கு ஏறிய அணி அது. எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் சம்பளம் கூடாது என்ற விதி இருந்த காலம்.

சீசன் நன்றாகவே தொடங்கியது. பத்திரிகைகள் அவருடைய நிதானமான ஆட்டத்தைப் பாராட்டின. அக்டோபரில் பிரிஸ்டல் சிட்டி மைதானத்தில் ஆடப்போனபோது பார்வையாளர்களில் ஒரு கூட்டம் அவர் நிறத்தைச் சொல்லி வாய்கூசும்படி ஏசியது. அன்று அங்கிருந்த நிருபர் ஒருவர், இது கோழைத்தனமான தாக்குதல் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆனால் அதற்குப் பிறகு வால்டருக்கு முதல் அணியில் இடம் அரிதாகிவிட்டது. டாட்டன்ஹாமுக்காக அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் மொத்தம் பத்தே பத்து, கோல் இரண்டு. ஏசியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஏச்சு வாங்கியவர் ரிசர்வ் அணிக்குப் போனார். இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு கனத்தது.

1911-ல் அவரை நார்தாம்ப்டன் டவுனுக்கு அழைத்தவர் ஹெர்பர்ட் சாப்மன். பின்னாளில் ஆர்சனலைப் பெரிய அணியாக்கிய அதே மேனேஜர். அங்கே முன்வரிசையிலிருந்து விங் ஹாஃப் என்ற நடுக்கள இடத்துக்கு மாறி, நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். என்னைக் கேட்டால், அவருடைய விளையாட்டு வாழ்க்கை என்பது அந்த நார்தாம்ப்டன் வருடங்கள்தான்.

1914 டிசம்பரில் கால்பந்து வீரர்களுக்கென்றே அமைத்த பட்டாலியனில் சேர்ந்தார். சார்ஜென்ட் ஆனார், 1916-ல் பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் இருந்தார். முழுக்க ஐரோப்பிய வம்சாவளி இல்லாதவர் அதிகாரியாகக் கூடாது என்று ராணுவ விதிநூல் சொன்னது. அது இருக்கும்போதே, 1917 மே மாதம் செகண்ட் லெப்டினன்ட் ஆக்கினார்கள். இத்தாலியில் பியாவே ஆற்றைத் தாண்டி ஆட்களை வழிநடத்திப் போய், ஒருவரையும் இழக்காமல் திரும்பினார். அந்தத் துணிச்சலையும் நிதானத்தையும் ஜெனரல் லாஃபர்ட் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

1918 மார்ச் 25. இந்தச் சுவரிலிருந்து தெற்கே இருபது கிலோமீட்டர் இருக்கும், ஃபாவ்ரோய் கிராமத்தருகே ஜெர்மானியர்கள் முன்னேறி வர, இவர்கள் பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது குண்டு பட்டது. அவர் உடலைத் தூக்கி வர முயன்றவர்களில் ஒருவர் லெஸ்டர் அணியின் கோல்கீப்பராக இருந்த சிப்பாய். முடியவில்லை. வால்டருக்கு வயது 29. உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இதுல அவர் எந்த டீம்னு போடலையே அப்பா?" என்றான்.

பெயர்ப் பதிவேட்டோடு ஒரு வருகையாளர் நோட்டும் வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துக் கொடுத்தேன். என்ன எழுதுவது என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் அவனே குனிந்து, கோணல்மாணலான தமிழில் எழுதினான்: "வால்டர் டல், நார்தாம்ப்டன் டவுன், விங் ஹாஃப்."