அந்த இரண்டு வரியை ஒட்டும் முன்

கேம்பஸ் பிளேஸ்மென்ட்டின் ஆன்லைன் கோடிங் சுற்று. நான் எழுதியது சி++ இல். கடைசிக் கேள்விக்கு லாஜிக் சரிதான், ஆனால் டைம் லிமிட் தாண்டிவிட்டது. மிச்சம் பத்து நிமிடம். சீனியர்கள் மந்திரம் போலச் சொல்லித் தந்த இரண்டு வரிகளை மெயினுக்குள் ஒட்டினேன்: சிங்க்-வித்-எஸ்டிடிஐஓ ஃபால்ஸ், சின்-டை நல். முதல் வரி சி++ இன் உள்ளீடு-வெளியீட்டைச் சி-யினுடையதிலிருந்து பிரித்துவிடும். இரண்டாவது, சின் உள்ளீட்டைப் படிக்கும் முன் சிஅவுட்டைக் காலி செய்யவைக்கும் கட்டை, அதாவது டையை, அவிழ்த்துவிடும். ஓட்டிக்கூடப் பார்க்காமல் சப்மிட் கொடுத்தேன். இப்போது ராங் ஆன்சர். நேரமும் முடிந்தது.

ராத்திரி ஹாஸ்டலில் அதே கோடை மூன்று கேஸுக்கு ஓட்டினேன். திரையில் முதலில் 7, 12, 5 என்று விடைகள் மட்டும். அவற்றுக்குக் கீழே ஒரே வரியில் "கேஸ் 1: கேஸ் 2: கேஸ் 3:". தலை ஓரிடம், உடம்பு ஓரிடம்.

காரணம் என் பழக்கம்தான். "கேஸ்" என்பதை சி-யின் அச்சிடும் கட்டளையான பிரிண்ட்எஃப்பிலும், விடையை சி++ இன் சிஅவுட்டிலும் எழுதுவேன். சி++ இல் இயல்பாக இரண்டும் ஒத்திசைந்தே ஓடும். சிஅவுட் தனக்கென்று பஃபர் (எழுத்துகளைச் சேர்த்துவைக்கும் தற்காலிக இடம்) வைத்துக்கொள்ளாமல் சி-யின் ஸ்ட்ரீமுக்கே எழுத்துகளைத் தள்ளிவிடும். மெதுவாக இருந்தாலும் வரிசை மாறாது. ஃபால்ஸ் போட்டதும் ஆளுக்கொரு பஃபர். வரியை முடிக்க நான் எண்டெல் வேறு போட்டிருந்ததால் சிஅவுட் உடனுக்குடன் காலியானது. பிரிண்ட்எஃப்பின் பஃபரோ புரோகிராம் முடியும்வரை காத்திருந்தது.

கஷ்டம் என்னவென்றால் அந்த எண்டெல்தான் நேரத்தையும் தின்றது. அது புதுவரி மட்டுமல்ல, ஒவ்வொரு முறையும் பஃபரைக் காலி செய்யும் கட்டளை. 2 லட்சம் வரி என்றால் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு 2 லட்சம் ரைட் அழைப்புகள். நம்பாதவர்கள் லினக்ஸில் இந்த அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டு எண்ணிப் பாருங்கள். எண்டெல்லை வெறும் புதுவரியான பேக்ஸ்லாஷ்-என் ஆக்கி, பிரிண்ட்எஃப்பையும் சிஅவுட்டாக மாற்றியதும் வேகமும் வந்தது, வரிசையும் வந்தது.

அதனால் தேர்வுக்குப் போகும் முன்பே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: முழுக்க சின்-சிஅவுட், இல்லையென்றால் முழுக்க ஸ்கேன்எஃப்-பிரிண்ட்எஃப். பத்து வரி அவுட்புட்டுக்கு இந்த இரண்டு வரிகளே வேண்டாம் என்பது என் கட்சி.

இன்டராக்டிவ் கேள்வி வந்தால் மட்டும் கணக்கு தலைகீழ். அங்கே நீங்கள் கேட்டதற்கு, விடையைச் சரிபார்க்கும் புரோகிராமான ஜட்ஜ் பதில் சொன்னால்தான் அடுத்த அடி. டையை அவிழ்த்துவிட்டு ஃப்ளஷ்ஷும் (பஃபரைக் காலி செய்வது) செய்யாவிட்டால் உங்கள் கேள்வி பஃபரிலேயே கிடக்கும். இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அங்கே எண்டெல்லைத் தாராளமாகப் போடுங்கள்.