நாலாவது கூடையில் மூலை படிந்தது

ஒருவழியாக நாலு மூலையும் ஒழுங்காக நிற்கிறது. இதற்கு முன் போட்ட மூன்று வயர் கூடைகளும் அடி வரை அழகாக வந்து, பக்கம் ஏற ஆரம்பித்ததும் கோணிக்கொண்டன. ஒன்று பானை மாதிரி வாய் குறுகிவிட்டது. இன்னொன்றின் மூலை ஓட்டையில் எலுமிச்சம்பழமே நழுவி விழும். வீடியோக்களில் முடிச்சைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள். மூலை வந்ததும் 'இதே மாதிரி போட்டுக்கிட்டே போங்க' என்று தாண்டிவிடுகிறார்கள். அதே மாதிரி போட்டால்தானே கோணுகிறது!

கோவில்பட்டியில் அம்மா பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குவாள். ராத்திரி எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, குண்டு பல்புக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து கூடை பின்னுவாள். வயர் நுனி கால் பெருவிரலில் சுற்றியிருக்கும். நான் அவள் தொடையில் தலைவைத்துப் படுத்திருப்பேன். ஒவ்வொரு முடிச்சை இழுக்கும்போதும் தொடை லேசாக இறுகும். அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போவேன். நாற்பதைத் தாண்டியதாக நினைவில்லை. சில முடிச்சுக்கு மட்டும் இரண்டு தடவை இறுகும். கணக்கு தப்பிவிட்டதே என்று எரிச்சலாக இருக்கும்.

போன வாரம் மூன்றாவது கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் பொறி தட்டியது. அந்த இரட்டை இழுப்பு மூலைக்கு!

மறுபடி அடியிலிருந்து போட்டேன். மூலையில் ரன்னிங் வயரை (சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு போகிற நீள வயர்) தொடாமல், முதலில் செங்குத்தாக நிற்கிற வயரை மட்டும் மேல்நோக்கி இழுத்து முடிச்சை உட்காரவைக்க வேண்டும். உள்ளேயிருந்து கட்டைவிரலால் மூலையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் ரன்னிங் வயரை இழுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இழுத்தால் போச்சு, முடிச்சு சாய்ந்துவிடும். முதல் இரண்டு சுற்றுக்கு இப்படிச் செய்தால் போதும், மேலே அதுவாகவே நேராகப் போகிறது. கட்டைவிரல் நகம்தான் கன்றிப்போச்சு.

அம்மாவிடம் கொடுத்தேன். இப்போது பார்வை மங்கல். விரலால் சுற்றித் தடவி, மூன்றாவது மூலையில் நிறுத்தினாள். "இங்க ஒரு இழுப்பு குறையுதுய்யா." எனக்குக் கண்ணுக்கே தெரியவில்லை. ஊசியால் நெம்பி இறுக்கினேன்.

வயர் பற்றி ஒரு புலம்பல். 2019-ல் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு வயர் கூடைக்கு மவுசு கூடியிருக்கிறது, சரி. (இதுவும் பிளாஸ்டிக்தான், கேட்காதீர்கள்.) ஆனால் நான் வாங்கிய பச்சை ரோல் பளபளவென்று இருக்கிறதே தவிர மடித்த இடத்தில் நிற்கவில்லை. இன்னொரு ரோல் முழத்துக்கு முழம் அகலம் மாறுகிறது. இனிமேல் கடையிலேயே ஒரு சாண் உருவி, மடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. விறைப்பான வயரை வெந்நீரில் முக்கி எடுத்தால் கொஞ்சம் இளகுகிறது.

கைப்பிடி இன்னும் பாக்கி. அதற்குள் சிவன் கண் என்கிற பின்னலில் அடுத்த கூடை போட மஞ்சளும் மெரூனும் வாங்கிவிட்டேன். சம்பளச் சனிக்கிழமைகளில் அம்மா கடலைமிட்டாய் வாங்கிவரும் கூடையின் நிறம் அது. 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே கடலைமிட்டாய்தான். அடியில் ஒட்டிய பாகைச் சுரண்டித் தின்ன எனக்கும் தங்கச்சிக்கும் சண்டை நடக்கும்.

பானை மாதிரி குறுகிய முதல் கூடையையும் பிரித்து வயரை மிச்சம் பிடிக்கலாம் என்று தேடினேன். அம்மா அதில் சின்ன வெங்காயம் போட்டு அடுப்படியில் மாட்டியிருக்கிறாள்.