மூன்று சென்ட் சிவப்பைப் பார்க்க வாஷிங்டன் போனோம்

வாஷிங்டன் பார்க்க வரும் நம்மவர்கள் வெள்ளை மாளிகை, லிங்கன் நினைவகம், விண்வெளி அருங்காட்சியகம் என்று கால் வலிக்கச் சுற்றிவிட்டு யூனியன் ஸ்டேஷனில் ரயில் ஏறித் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தேசிய அஞ்சல் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஸ்மித்சோனியனைச் சேர்ந்தது, அனுமதி இலவசம். எனக்கு வாஷிங்டன் என்றால் முதலில் இந்தக் கட்டிடம்தான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தபால்தலைகளைச் சேர்க்கிறேன். அதிலும் ஒரே தபால்தலை எத்தனை நிறச் சாயல்களில் அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

இந்த முறை ஊரிலிருந்து வந்திருந்த மச்சினனையும் அழைத்துக்கொண்டு போனேன். திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறவன். துணியில் ஷேடு பார்ப்பதே அவன் தொழில். தபால்தலையில் அவனுக்கு ஈடுபாடு கிடையாது, ஆனால் நிறம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

நியூஜெர்சியின் மெட்ரோபார்க்கில் காலை ஆம்டிராக் ரயிலைப் பிடித்தோம். டிரென்டன் தாண்டி பிலடெல்பியா வந்ததும் அவனிடம் ஜன்னல் வழியே ஊரைக் காட்டினேன். நான் சேர்க்கும் மூன்று சென்ட் தபால்தலை அச்சான ஊர் அது. டோப்பன், கார்பென்டர், கேஸிலியர் அண்ட் கோ என்ற நிறுவனம் 1851இல் அரசாங்கத்தின் ஒப்பந்தத்தைப் பெற்று இங்கேதான் அச்சடித்தது.

அதற்கு முன்னால் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். 1851 ஜூலை 1 முதல், காசை முன்கூட்டியே கட்டினால் 3,000 மைல் வரை மூன்றே சென்ட் என்று குறைத்தார்கள். சாதாரண மக்கள் கடிதம் எழுதுவது ஒரேயடியாகப் பெருகியது. ஜார்ஜ் வாஷிங்டனின் பக்கவாட்டு முகம் போட்ட அந்தச் சின்னச் சிவப்புத் தபால்தலை கோடிக்கணக்கில் அச்சானது. அதனால்தான் இன்றைக்கும் முத்திரை விழுந்த சாதாரணப் பிரதி ஒன்றை ஒரு மதியச் சாப்பாட்டு விலைக்குள் வாங்கிவிடலாம். பிரச்சினை அந்த 'சிவப்பு' என்பதில்தான் ஆரம்பிக்கிறது.

1851இல் தபால்தலை வெளிவந்த முதல் சில மாதங்களில் அச்சானவை ஆரஞ்சுப் பழுப்பு. பிறகு மங்கலான சிவப்புக்கு மாறியது. 1852இல் பழுப்பு கலந்த கார்மைன் வருகிறது. 1855இல் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. 1857இல் கிளாரெட் என்று ஒயினின் பெயரால் அழைக்கப்படும் இருண்ட சிவப்பும், அபூர்வமாக பிளம் சாயலும் கிடைக்கின்றன. படம் அதே படம், விலை அதே மூன்று சென்ட். மையை மட்டும் அவ்வப்போது புதிதாகக் கலந்தார்கள்.

"லாட் மாறினா ஷேடு மாறத்தானுங்க மாமா செய்யும்," என்றான் மச்சினன். "ஆனா பாருங்க, எங்க பையர் இப்படி ஒரு வேரியேஷன் பார்த்தா மொத்த லோடையும் திருப்பி அனுப்பிருவாங்க."

அந்தக் காலத் தபால் துறை அப்படித் திருப்பி அனுப்பாததால்தான் எங்களுக்கு இவ்வளவு கிடைத்திருக்கிறது. எஃகுத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மையைத் தேய்த்து, மேலே மிஞ்சியதைத் துடைத்து எடுத்து, ஈரப்படுத்திய காகிதத்தை வைத்து அழுத்தி அச்சடித்தார்கள். நிறமியின் அளவு, எண்ணெய், தகட்டின் தேய்மானம், துடைத்தவரின் கை என்று ஒவ்வொன்றும் கடைசி நிறத்தில் தெரியும். ஒரு தகட்டில் 200 தபால்தலைகள். பலவற்றின் ஓரச் சட்டகக் கோடுகளைக் கையாலேயே மறுபடி கீறியதால் ஒன்றின் கோடு இன்னொன்றைப் போல இருக்காது. கரோல் சேஸ் என்ற மருத்துவர் அந்தக் கோடுகளை வைத்து, எந்தத் தபால்தலை எந்தத் தகட்டில் எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கண்டுபிடிப்பதற்கே பல வருடங்களைக் கொடுத்தார். நிறங்களை ஆண்டுவாரியாகப் பிரித்துச் சொன்னவரும் அவர்தான். நாங்கள் இன்றும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறோம்.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருவோம். 1914இல் கட்டி முடித்த பழைய நகரத் தபால் நிலையக் கட்டிடம் இது. பளிங்கு முன்கூடத்தில் நுழைந்ததுமே பழைய காலத்து அரசு அலுவலகத்தின் தோரணை தெரியும். கீழே பெரிய நடுக்கூடத்தில் அஞ்சல் விமானங்கள் தொங்குகின்றன. ரயில் அஞ்சல் ஊழியர்களோடு ஊர் ஊராகச் சுற்றிய ஓனி என்ற நாயைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். குழந்தைகளோடு போனால் அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம். நாங்கள் நேராகத் தபால்தலைப் பிரிவுக்குப் போய்விட்டோம்.

வில்லியம் கிராஸ் என்ற சேகரிப்பாளரின் பெயரில் 2013இல் திறந்த கூடம் அது. உள்ளே வெளிச்சம் குறைவு. ஒளி பட்டால் மை வெளுக்கும் என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். நான் மணிக்கணக்கில் நிற்பது இழுத்துப் பார்க்கும் சட்டங்கள் இருக்கும் இடத்தில். சுவரில் செங்குத்தாகச் செருகியிருக்கும் கண்ணாடிச் சட்டத்தை வெளியே இழுத்தால் பக்கம் விரிகிறது, தள்ளினால் மறுபடி இருட்டுக்குள் போய்விடுகிறது. 1847இன் முதல் இரண்டு தபால்தலைகளில் இருந்து வரிசையாகப் போகலாம். ஐந்து சென்ட் ஃபிராங்க்ளின் பழுப்பு, பத்து சென்ட் வாஷிங்டன் கறுப்பு. அந்த ஃபிராங்க்ளின் பழுப்பிலேயே செம்பழுப்பு, கரும்பழுப்பு, ஆரஞ்சுப் பழுப்பு, அபூர்வமான செவ்வாரஞ்சு என்று கேட்டலாக் பிரித்துக்கொண்டே போகும்.

1861 தபால்தலைகள் இருந்த கண்ணாடிச் சட்டத்தில் மச்சினன் நின்றுவிட்டான். உள்நாட்டுப் போர் தொடங்கியதும், தெற்கே தபால் நிலையங்களில் கிடந்த பழைய தபால்தலைகளை யாரும் காசாக்கிவிடக் கூடாது என்று வாஷிங்டன் அவற்றைச் செல்லாதவை ஆக்கியது. நியூயார்க்கின் நேஷனல் பேங்க் நோட் கம்பெனி அவசர அவசரமாகப் புதிய வரிசையை அச்சடித்தது. அந்த வரிசையில் மூன்று சென்ட் ரோஜா நிறம்தான் சாதாரணம். 1861 ஆகஸ்டில் முதலில் வந்த அச்சில் சில பிங்க். அதிலும் 'புறா ரத்த பிங்க்' என்று ஒன்று உண்டு. சிவப்புக்கு உள்ளே லேசாக நீலம் ஓடுவது போல இருக்கும். ஸ்கேன் படத்தில் அதைப் பிடிக்கவே முடியாது. அந்தப் பெயரைச் சொல்லி இணையத்தில் விற்பதில் சான்றிதழ் இல்லாத எதையும் வாங்காதீர்கள் என்று இந்தத் துறைக்குப் புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

அவனை நிறுத்தியது அதே வரிசையின் 24 சென்ட். பிரிட்டனுக்கு அரை அவுன்ஸ் கடிதம் அனுப்ப அன்றைக்கு அவ்வளவு ஆகும். வயலெட், செந்நீலம், சாம்பல் கலந்த லைலாக், பழுப்பு லைலாக், ஸ்டீல் நீலம் என்று ஒரே தபால்தலைக்குள் இத்தனை. ஸ்டீல் நீலம் ரொம்ப அபூர்வம்.

கண்ணாடிக்கு அருகே குனிந்து பார்த்தவன், "இது நிக்காத கலருங்க மாமா," என்றான். "வயலெட் பக்கம் போனாலே வெயில்ல ஓடிரும். இப்ப சாம்பலா இருக்கறது அச்சாகும்போதே சாம்பலா, இல்ல அப்புறம் வெளுத்ததான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இந்த ஒரு கேள்வியில்தான் நிறச் சேகரிப்பின் மொத்தக் கஷ்டமும் இருக்கிறது. 24 சென்டின் சில சாயல்கள் ஒளியிலும் நீரிலும் மாறக்கூடியவை. தபால்தலையை உறையிலிருந்து பிரிக்கத் தண்ணீரில் ஊறப்போட்டவர் எத்தனை பேரோ, ஆல்பத்தை ஜன்னலோரம் திறந்து வைத்தவர் எத்தனை பேரோ. அதனால் நிறத்துக்காக வாங்குகிறவர்கள் உறையோடு ஒட்டியிருக்கும் பிரதியையே விரும்புவோம். எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் தபால்தலையைச் சேதப்படுத்தாமலே மையில் இரும்பு இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா, பாதரசம் இருக்கிறதா என்று இப்போது சோதிக்க முடியும். ஆனால் கடைசி முடிவு, சந்தேகமில்லாத இன்னொரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்ப்பதில்தான் முடிகிறது.

அமெரிக்கத் தபால்தலைகளில் மிக அபூர்வமானது என்று எல்லோரும் சொல்வது ஒரு சென்ட் இசட் கிரில். முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க, காகிதத்தில் குட்டிக் குட்டிச் சதுரப் பள்ளங்களை அழுத்தினார்கள். மை நாரிழைகளுக்குள் இறங்கிவிட்டால் கழுவ முடியாது என்பது கணக்கு. அந்த வகையில் இரண்டே பிரதிகள்தான் தெரியவந்துள்ளன. ஒன்று, மில்வாக்கியைச் சேர்ந்த பெஞ்சமின் மில்லர் 1925இல் நியூயார்க் பொது நூலகத்துக்குக் கொடுத்த தொகுப்பில் இருக்கிறது. இன்னொன்றை வில்லியம் கிராஸ் 2005இல் விமானப் படம் தலைகீழாக அச்சான தபால்தலைகள் நான்கு ஒட்டியிருக்கும் கட்டம் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். 2024 ஏலத்தில் அது 43 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது. நியாயமான புகழ்தான். ஆனாலும் என் மனம் அதில் நிற்பதில்லை. பள்ளத்தின் அளவை அளந்து வகை பிரித்துவிடலாம். நிறம் அப்படி அளவுகோலுக்கு அடங்காது.

மறுநாள் புறநகரில் ஒரு ஹோட்டல் கூடத்தில் தபால்தலைக் கண்காட்சி இருந்தது. உள்ளூர்ச் சங்கம் நடத்துவது; மடக்கு மேஜைகள், அட்டைப் பெட்டிகள், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். வயதான வியாபாரி ஒருவர் தன் மூன்று சென்ட் உறைகளை எடுத்து வைத்தார். அந்த ஆண்டுகளின் ஊர் முத்திரைகளில் பெரும்பாலும் மாதமும் தேதியும்தான் இருக்கும், வருடம் இருக்காது. ஆகவே கடிதத்தையே மடித்து அனுப்பியிருந்தால் தனி மதிப்பு, உள்ளே எழுதியவர் வருடம் போட்டிருப்பார். அவர் ஒவ்வொரு மடிப்பையும் மெதுவாகத் திறந்து வருடத்தைக் காட்டி, காலவரிசையில் அடுக்கினார். 1851 செப்டம்பர் கடிதத்தில் ஆரஞ்சுப் பழுப்பு. மை தடித்து, வாஷிங்டனின் கூந்தல் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுமோ என்று தோன்றும் அளவுக்கு மேலெழுந்து நின்றது. அடுத்து மங்கல் சிவப்பு, கோடுகள் மெலிந்து, கன்னத்தில் தேய்மானம் தெரிந்தது. கடைசியில் 1857இன் கிளாரெட், பக்கத்தில் வைத்தால் ரத்தம் உறைந்த நிறம்.

மச்சினன் அத்தனையையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். வியாபாரி சிரித்துக்கொண்டே, "உன் மைத்துனர் சரியான ஆள்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தானே எழுந்து வந்தார். கூடத்து விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு சிவப்புகள் பகல் வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்தன. சாயப்பட்டறைக்காரர்களுக்கு இது தினசரி விஷயம், அவர்களிடம் கடை வெளிச்சத்துக்கும் பகல் வெளிச்சத்துக்கும் தனித்தனி விளக்குகளே உண்டு. தபால்தலைக்காரர்களில் பலர் இன்னும் மேஜை விளக்கில் பார்த்து முடிவு கட்டுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம்.

பெட்டியின் ஓரத்தில் கிட்டத்தட்டச் சாக்லேட் நிறத்தில் ஒரு மூன்று சென்ட் கிடந்தது. புதிய சாயல் என்று ஆசைப்படத் தோன்றும். காற்றில் இருக்கும் கந்தகம் மையோடு சேர்ந்து கறுக்கச் செய்த பிரதி அது. இதைப் பலர் ஆக்ஸிஜனேற்றம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடை மெல்லத் தொட்டு வைத்தால், புளி போட்டுத் தேய்த்த செம்புப் பாத்திரம் போலப் பழைய நிறம் திரும்ப வெளியே வரும். செய்யலாமா கூடாதா என்று சேகரிப்பாளர்களிடையே பெரிய வாக்குவாதமே உண்டு. என் கருத்து, உறையில் ஒட்டியிருப்பதைத் தொடவே கூடாது. கறுத்ததும் அந்தக் கடிதத்துக்கு நேர்ந்ததுதான்.

நான் அந்த 1851 செப்டம்பர் கடிதத்தை வாங்கினேன். பிளம் சாயல் என்று சொல்லி இன்னொன்றையும் காட்டினார். சான்றிதழ் இல்லை. 1945இல் தொடங்கிய நியூயார்க்கின் பிலாடலிக் ஃபவுண்டேஷனுக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கித் தந்தால் பேசலாம் என்றேன். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை, அனுப்பிவிட்டு எழுதுகிறேன் என்றார்.

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்ததால் அருங்காட்சியகத்துக்கே மறுபடி போனோம். 1893இல் சிகாகோ கொலம்பியன் கண்காட்சிக்காக வெளியிட்ட 16 தபால்தலைகளைப் பார்க்காமல் விட்டிருந்தோம். ஒரு சென்டில் தொடங்கி ஐந்து டாலர் வரை, முழு வரிசையும் வாங்க அன்றைக்கு 16 டாலர் 34 சென்ட் ஆகியிருக்கும். அதில் நான்கு சென்ட் அல்ட்ராமரைன் நிறம். ஒரு சென்டுக்கான நீல மையை யாரோ அதில் போட்டு அச்சடித்ததாகக் கருதப்படும் பிரதிகள் சில வெளியே வந்துவிட்டன. அவைதான் பிரபலமான நான்கு சென்ட் நீலப் பிழை. சாயல் வேறு, பிழை வேறு என்று மச்சினனுக்கு விளக்க ஆரம்பித்தேன். "டப்பாவே மாறிப்போச்சுங்க," என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

போகிறவர்களுக்கு: காலை 10 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும். வார நாளில் போனால் இழுவைச் சட்டங்களை நிதானமாகப் பார்க்கலாம். கைலென்ஸ் எடுத்துப் போங்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். குழந்தைகள் தபால்தலைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள ஒரு மேஜை வைத்திருக்கிறார்கள், அதற்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 1851 சட்டத்தை இழுக்கும்போது மூன்று சென்டைத் தாண்டி அவசரமாகப் போய்விடாமல், ஆரஞ்சுப் பழுப்பை மங்கல் சிவப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.