பேஸ் கரகரத்தால் பிரிட்ஜில் கை வைக்காதீர்கள்

பேஸ் கிட்டார் கரகரவென்றால் பலரும் உடனே பிரிட்ஜில் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) சேடிலைத் தூக்குவார்கள்; ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சிறு துண்டுதான் சேடில். சத்தம் போய்விடும், சரிதான்; அப்புறம் விரல் வலிக்கும். நான் முதலில் கழுத்தைத்தான் பார்ப்பேன்.

ட்யூன் செய்துவிட்டு, தடித்த ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை), கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். கம்பியை அழுத்திப் பிடிக்கும் கேப்போ கிளிப் இருந்தால் ஒரு கை மிச்சம். இப்போது எட்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, சுமார் 0.3 மி.மீ., இடைவெளி போதும். இடைவெளியே இல்லையென்றால் ட்ரஸ் ராடை, அதாவது கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டை, இடப்பக்கம் தளர்த்த வேண்டும். அதிகமென்றால் வலப்பக்கம் முறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். மறுபடி ட்யூன் செய்து, பார்த்து, பிறகுதான் அடுத்த கால் சுற்று. திருகு முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள், வேலை தெரிந்தவர் பார்க்கட்டும்.

கம்பி உயரம் அதற்குப் பிறகு. கடைசியில்தான் சுருதி, அதாவது கழுத்து நெடுக ஸ்வரம் சரியாக விழுகிறதா என்பது: 12ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அங்கேயே அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது கூடினால் சேடிலைக் கழுத்தைவிட்டுப் பின்னால் தள்ளுங்கள், குறைந்தால் கழுத்தை நோக்கி முன்னால்.

பழசாகி ஒலி செத்துப்போன கம்பியில் இந்தச் சுருதி வேலை நிற்காது. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்து பேஸிஸ்ட் ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தால் ஒழியக் கம்பி மாற்ற மாட்டார் என்பார்கள். அவர் போட்டது ஃப்ளாட்வவுண்ட், அதாவது தட்டையாகச் சுற்றிய வழவழ கம்பி. தவிர, அது ஜேமர்சனின் விரல்! ரவுண்ட்வவுண்ட் (உருண்டையாகச் சுற்றிய சொரசொர கம்பி) காரர்கள் வாசித்ததும் வியர்வையைத் துடைத்துவிடுங்கள்.

இன்னும் லேசாகக் கரகரக்கிறதா? ஆம்பில் கேட்காவிட்டால் நான் கண்டுகொள்ள மாட்டேன். கேட்டால், விரல் ஃப்ரெட்டை ஒட்டி அழுத்துகிறதா, இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவிலா என்று பாருங்கள்.