பருமனான பெண்களுக்கு ஆரம்ப மாத ஸ்கேன் பார்க்கப் பழகியது

மகப்பேறு மருத்துவம் முடித்து அம்பாசமுத்திரம் பக்கம் வேலைக்கு வந்தபோது எனக்கு ஸ்கேன் ஓரளவு கைவந்திருந்தது. ஆனால் ஒல்லியான பெண்ணுக்குப் பார்ப்பது வேறு, 90 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஆறாவது வாரத்தில் பார்ப்பது வேறு. இதைத் தனியாகத்தான் பழக வேண்டும். நம்மூரில் இது அபூர்வமான கேஸும் இல்லை. இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 25 ஆனாலே பருமன் என்றுதான் கணக்கு.

பழகுவது என்றால் நினைத்த இடத்தில் பழகிவிட முடியாது. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்த மையத்தில், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஃபார்ம் எஃப் என்ற விவரப் படிவத்தை நிரப்பித்தான் பார்க்கணும். எனக்குச் சொல்லித்தர ஒரு சீனியர் மேடம் கிடைத்தார். படம் மங்கலாக இருந்தால் கெயினை, அதாவது திரும்பி வரும் ஒலியைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றத்தான் எல்லாருக்கும் கை போகும், அதை முதலில் நிறுத்தச் சொன்னார். கெயினை ஏற்றினால் வரும் எதிரொலியோடு இரைச்சலும் சேர்ந்து வெளுக்கும், அவ்வளவுதான். கொழுப்பைக் கடந்து போகும்போதும் திரும்பும்போதும் ஒலி வலுவிழக்கிறது, அதிர்வெண் கூடக்கூட இழப்பும் கூடும். அதனால் வயிற்றின் மேல் வைக்கும் புரோபில் (கையில் பிடிக்கும் ஸ்கேன் கருவி) அதிர்வெண்ணைக் குறைத்து, ஃபோகஸைக் கர்ப்பப்பை இருக்கும் ஆழத்துக்கு இறக்கி, இரைச்சலைக் குறைக்கும் ஹார்மோனிக்ஸ் முறையைப் போட்டும் எடுத்தும் பார்த்து, அப்புறம்தான் கெயின்.

அடுத்தது புரோபை எங்கே வைப்பது. தொங்கும் வயிற்றின் நடுவில் வைத்து அழுத்தினால் அந்தப் பெண்ணுக்கு வலி, நமக்குத் தோள்பட்டை வலி, படமும் வராது. தொப்புளைச் சுற்றிக் கொழுப்பு குறைவு, மடிப்புக்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிய இடத்திலும் குறைவு. மடிப்பை அவர்களையே ஒரு துண்டு வைத்து இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். நம்மூர் வெயிலில் அந்த மடிப்புக்குள் வியர்த்து, சிவந்து, சிலருக்குப் படை வந்திருக்கும். பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டு, புண் இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் வேறு பக்கம் போவேன். அங்கே முகம் சுளித்தால் அவர்கள் அடுத்த செக்கப்புக்கே வர மாட்டார்கள்.

இவ்வளவு செய்தாலும் ஆறு, ஏழு வாரத்தில் வயிற்றின் மேல் வைத்துப் பார்ப்பது பல பேருக்குப் போதாது. பிறப்புறுப்பின் உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன்தான் இங்கே கைகொடுக்கும். அந்தப் புரோப் கர்ப்பப்பைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வயிற்றுக் கொழுப்பு குறுக்கே வராது, அதிக அதிர்வெண்ணும் வைக்கலாம். ஒரு சிக்கல், களக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் ‘தண்ணி குடிச்சிட்டு வாங்க’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு முட்ட முட்டக் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மேலே பார்க்க அது உதவும். உள்ளே பார்க்கும்போதோ நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையைத் தூரத் தள்ளிவிடும், போய்விட்டு வரச் சொல்லணும். இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை, மற்றொரு கையால் அடிவயிற்றை லேசாக அழுத்துவது, இந்த இரண்டிலும் எனக்குத் தெளிவு நிறையக் கூடியது.

‘உள்ள விட்டுப் பாத்தா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதாம்மா?’ என்று கூட வந்த மாமியார் கட்டாயம் கேட்பார். ‘ஆகாது அத்தை, வாசலோடதான் நிக்கும், கர்ப்பப்பைக்குள்ள போவாது’ என்று புரோபைக் காட்டி, புது உறை போடுவதையும் காட்டுவேன். அந்தப் பெண் சரி என்று சொன்ன பிறகுதான் தொடங்குவேன். பெண் உதவியாளர் இல்லாமல் தொடங்குவதில்லை.

நாங்குநேரிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. நீர்க்கட்டிப் பிரச்சினை, மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கடைசித் தேதியை வைத்துப் பத்து வாரம் என்று கணக்குப் போட்டு, வேறொரு இடத்தில் வயிற்றின் மேல் மட்டும் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் வளரல, சுத்தம் பண்ணிருங்க’ என்று அனுப்பியிருந்தார்கள். உள்ளே வைத்துப் பார்த்தேன், கரு வளரும் பை இருந்தது, அதற்குள் கருவுணவுப்பை வளையமாகத் தெரிந்தது, பக்கத்தில் 4 மி.மீ. கரு, துடிப்பு இல்லை. துடிப்பில்லாத கரு 7 மி.மீ.க்குக் கீழே இருந்தால் கலைந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது, குறைந்தது 7 நாள் விட்டு மறுபடி பார்க்கணும். மேலே மட்டும் பார்த்திருந்தால் 14 நாளாவது விடணும். வலியோ ரத்தப்போக்கோ வந்தால் உடனே வரச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்தபோது துடிப்பு இருந்தது. துடிப்பை ஒலியாகக் கேட்கும் டாப்ளர் போடாமல், அசைவைக் கோடாகக் காட்டும் எம்-மோடில்தான் எண்ணினேன், இந்த வாரங்களில் கருவின் மேல் அவ்வளவு ஒலிச் சக்தியைச் செலுத்தத் தேவையில்லை. அந்த அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

பருமனாக இருக்கிறார்கள் என்பதற்காக ‘தெரியவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று எழுதும் உரிமை நமக்குக் கிடையாது. ரிப்போர்ட்டில் எந்த வழியாகப் பார்த்தேன், எது தெளிவாகத் தெரிந்தது, எது தெரியவில்லை, எப்போது திரும்ப வரணும் என்று நான்கையும் எழுதுகிறேன். கர்ப்பப்பை காலியாகத் தெரிந்து சிறுநீர் கார்டு டெஸ்ட் பாசிட்டிவாக இருந்தால் குழாய்க் கர்ப்பமா என்று இரண்டு பக்கமும் தேடாமல் புரோபை எடுப்பதில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்துப் படுக்கவைத்தால் சினைப்பை சிலருக்கு நன்றாகப் பிடிபடும்.

இப்போது 11 முதல் 13 வார ஸ்கேனில் கருவின் கழுத்துப் பின்புற நீர் அளவை எடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன், டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறை இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கும் சோதனை அது. கருவின் நீளம் 45 முதல் 84 மி.மீ. வரைதான் அதை அளக்க முடியும். அதற்குள் கிடைக்காவிட்டால் அந்தச் சோதனை போச்சு. அதனால் இவர்களை 12வது வாரத்திலேயே வரச்சொல்லிவிடுகிறேன், ஒருநாள் குழந்தை சரியாகப் படுக்காவிட்டாலும் இன்னொரு நாள் கூப்பிட இடம் இருக்கும்.